அக்கா வீட்டு லைன்

திற்பரப்பு அருவிக்குக் குளிக்க வருகிற சொந்தக்காரர்கள், திரும்பும்போது எங்கள் வீட்டில் ஒரு சாயா குடிக்காமல் போவதில்லை. ஈரத் துண்டோடு உள்ளே ஏறுகிறவர்கள் முதலில் பார்ப்பது என்னையல்ல, முன்னறை மேசைமேல் இருக்கும் மரப்பெட்டியைத்தான். "மாமா, ஆர்மோனியம் படிக்கியளா?" என்று போன மாதம்கூட ஒரு மருமகன் கேட்டான். அது ஆர்மோனியம் இல்லை, பத்து லைன் மேக்னெட்டோ டெலிபோன் போர்டு என்று சொன்னதும், "ஓ" என்றான். அந்த "ஓ"வுக்கு அப்புறம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்காததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் 1976-ல் அஞ்சல் தந்தித் துறையில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். இந்த மாவட்டத்திலேயே ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச். தபாலாபீஸின் பின்பக்கம் ஒரு அறை, ஒரு போர்டு, ஒரு ஸ்டூல். இந்தியாவில் முதல் எக்ஸ்சேஞ்சுகள் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று ஊரிலும் 1882 ஜனவரி 28-ல் திறந்தார்கள் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தார்கள். கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்தும் எங்கள் அறையில் நடந்தது அதே வேலைதான். லக்னோவுக்கும் கான்பூருக்கும் 1960-லேயே எஸ்.டி.டி. வந்துவிட்டது. எங்களிடம் நம்பர் சுற்றுகிற டயல்கூடக் கிடையாது.

வேலை இப்படி. பெட்டியின் முகப்பில் வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தளைக் கதவுகள், ஒவ்வொரு லைனுக்கும் ஒன்று. ஷட்டர் என்போம். ஊரில் ஒருவர் தன் வீட்டுப் போனின் கைப்பிடியைச் சுற்றினால், அதற்குள் இருக்கிற ஜெனரேட்டர் எழுபது எண்பது வோல்ட் ஏ.சி. கரண்ட் அனுப்பும். இங்கே ஷட்டரின் பின்னால் இருக்கிற காயில் அதை வாங்கிக் கொக்கியை இழுக்கும். 'டப்' என்று கதவு விழும், நம்பர் தெரியும். ஆபரேட்டர் ஒரு கார்டை எடுத்து அந்த நம்பருக்குக் கீழே உள்ள ஜாக்கில் குத்தி, ஸ்பீக்கிங் கீயைத் தள்ளி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்பார். ஜோடிக் கார்டை எதிர்பார்ட்டியின் ஜாக்கில் குத்தி, ரிங்கிங் கீயை அழுத்தி, போர்டின் கைப்பிடியைச் சுற்றினால் அங்கே மணி அடிக்கும். பேசத் தொடங்கியதும் கீயை விட்டுவிடவேண்டும். இன்று மேடைக் கச்சேரியில் கிட்டாருக்குக் குத்துகிறார்களே, அந்தக் கால் இஞ்சு பிளக் இந்தப் போர்டிலிருந்து போனதுதான்.

பேசி முடித்ததும் பார்ட்டி ஒருதரம் கைப்பிடியைச் சுற்றவேண்டும். ரிங் ஆஃப் என்று பேர். அப்போது கார்டு ஜோடிக்கு உரிய இன்னொரு ஷட்டர் விழும், நாங்கள் பிளக்கைப் பிடுங்குவோம். ஆனால் பேசி முடித்தவர்களில் பாதிப்பேர் சுற்றமாட்டார்கள். ரிசீவரை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் பேசுகிறார்களா, போய்விட்டார்களா என்று தெரிந்துகொள்ள ஆபரேட்டருக்கு ஒரே வழிதான் உண்டு. ஸ்பீக்கிங் கீயைத் தள்ளிக் கேட்டுப் பார்க்கவேண்டும்.

இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

எங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் தானியங்கி எக்ஸ்சேஞ்சுகள் வந்தபின் போர்டுகள் மூலைக்குப் போயின. 1984-ல் தொடங்கிய சி-டாட் வடிவமைத்த 128 லைன் கிராம எக்ஸ்சேஞ்ச், ஏ.சி. அறைகூட வேண்டாமென்று ஒரு பீரோ அளவில் வந்து நின்றது. கார்டு குத்திய கைகளுக்கு வேறு வேறு வேலை தந்தார்கள். கடைசியில் நான் கேபிள் பிரிவில் இருந்து 2014-ல் ஓய்வு பெற்றேன்.

அடுத்த வருஷம் நாகர்கோவிலில் ஒரு ஆக்கர் கடையில் இந்தப் போர்டைப் பார்த்தேன். கடைக்காரர் பித்தளைக்காக உடைக்க ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தார். "சாரே, இது என்னத்துக்குள்ள சாமானம்?" என்றார். 2,200 ரூபாய் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். "இந்தப் பைசாவுக்கு ரப்பருக்கு ரெண்டு சாக்கு ஒரம் வாங்கியிருக்கலாம்" என்றாள் என் மனைவி. அவள் சொன்னதில் தப்பில்லை. இரண்டு வருஷம் அது மாடியில் சாக்கு போர்த்திக் கிடந்தது.

2017 நவம்பர் 30. ஒக்கி. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத கொடுமையின் முன்னால் எங்கள் மலையோரத்து நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனாலும் ரப்பர் மரங்கள் பாதியில் முறிந்து விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கரண்ட் இல்லை, செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. எங்கள் விளையின் கீழ்க்கோடியில், ஆற்றைப் பார்த்த வீட்டில், என் அக்கா தனியாக இருந்தாள். அத்தான் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. நடுவில் இருநூறு மீட்டர்தான். அந்த இருநூறு மீட்டரிலும் மரம் விழுந்து கிடந்தது. வெட்டுக்கத்தியோடு வழி ஏற்படுத்தி நான் கீழே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அக்கா அடுக்களையில் பெஞ்சின்மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். "ராத்திரி நெறைய கூப்பிட்டேன்லே" என்றாள். காற்றில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் போர்டு ஞாபகம் வந்தது. டவரும் வேண்டாம், மின்வாரியமும் வேண்டாம். மேக்னெட்டோ போனுக்குப் பேச இரண்டு பேட்டரி செல் போதும், மணியடிக்கக் கை போதும்.

2018 முழுக்க இந்த வேலைதான். பத்து ஷட்டர் காயில்களையும் மல்டிமீட்டரில் பார்த்ததில் ஏழு நன்றாக இருந்தன, மூன்றில் கம்பி அறுந்திருந்தது. மோட்டார் காயில் கட்டுகிற பையன் ஒருவனிடம் கொண்டுபோனேன். "சாரே, இது தலமுடியில்லா" என்றான். ஆனாலும் இரண்டைச் சுற்றித் தந்துவிட்டான். மூன்றாவது அவனிடமும் அறுந்தது. அதனால் என் போர்டில் ஒன்பதாம் நம்பர் லைன் கிடையாது.

கார்டுகள் அதைவிடப் பெரும்பாடு. போர்டு கார்டின் உள்ளே சாதாரணக் கம்பி இருக்காது. நூலின்மேல் மெல்லிய செம்புத் தகட்டைச் சுற்றியிருப்பார்கள். ஆயிரக்கணக்கான தடவை வளைந்தாலும் ஒடியாது. ஆனால் சோல்டரிங் அயர்னைக் காட்டினால் நூல் கருகிப் போகும். செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் லேசாக ஈயம் தொட்டு எடுக்கப் பழகுவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது.

மேக்னெட்டோ செட் நான்கு கிடைத்தன. ஒன்றில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. மவுத்பீஸுக்குள் இருக்கிற கரித்தூள் ஈரத்தில் கட்டிப்போனால் அப்படித்தான். அந்தக் காலத்தில் பெரியவர்கள் பேசுவதற்கு முன் ரிசீவரை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். பழக்கதோஷம் என்று நினைத்தோம், அது ரிப்பேர். நானும் தட்டினேன், சரியாயிற்று.

நான்கு செட்டுக்கும் இடம்: அடுக்களை, மாடி, ஷீட் அடிக்கிற ஷெட், அக்கா வீடு. கீழே போவதற்கு, வேலை பார்த்த நாளில் கை வீச்சில் கட்டிய அதே ஜெல்லி கேபிளை விலைக்கு வாங்கி, பி.வி.சி. பைப்பில் விட்டு ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தேன். கேபிளை உரித்தால் கையெல்லாம் பிசுபிசுப்பு; மண்ணெண்ணெய் போட்டால்தான் போகும். வெள்ளை–நீலம், வெள்ளை–ஆரஞ்சு, வெள்ளை–பச்சை, வெள்ளை–பிரவுன், வெள்ளை–சிலேட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அக்காவுக்கு வெள்ளை–நீலம், முதல் ஜோடி. இடி எங்கள் பக்கம் சித்திரையிலும் ஐப்பசியிலும் சும்மா விடாது. ஆகவே இரண்டு முனையிலும் கேஸ் டியூப் அரெஸ்டர் வைத்து, கரியும் உப்பும் போட்டு எர்த் குழி எடுத்தேன். இப்படி லைன் இழுக்க நினைக்கிறவர்கள் மற்ற எதை விட்டாலும் எர்த்தை விடக்கூடாது.

அடுக்களைப் போனில் என் மனைவி கைப்பிடியைச் சுற்ற, மேசையில் இரண்டாம் நம்பர் ஷட்டர் 'டப்' என்று விழுந்த அன்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. "நம்பர் ப்ளீஸ்" என்றேன். "சோறு ஆறுது" என்றாள்.

கடைசியாக அக்கா வீட்டுக்குச் செட்டோடு போனேன். சுவரில் மாட்டி, செல் போட்டு, சுற்றுவதைச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எலே, நான் பேசினா நீ அங்கேருந்து கேப்பெல்லா?"

"கேக்கமாட்டேன் அக்கா. கனெக்சன் தந்ததும் விட்டுருவேன்."

"கேக்கணும்னு நெனச்சா?"

பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்று அவளுக்கும் தெரியும். மறுவாரம் போனபோது போன்மேல் ஒரு ஈரிழைத் துவர்த்தைப் போர்த்தி வைத்திருந்தாள். தூசி படாமல் இருக்கவாம். அந்தத் துவர்த்து நாலு வருஷம் கிடந்தது.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 1978-ல் அத்தான் வளைகுடாவில் இருந்தார். நம்மூரில் அப்போது பாதி வீடுகளில் அதுதான் கதை. அக்காவுக்குப் போன் கிடையாது. பக்கத்து முதலாளி வீட்டு நம்பரைத்தான் கடிதத்தில் 'பி.பி.' என்று போட்டு எழுதுவார்கள். ட்ரங்க் கால் எத்தனையோ போர்டு தாண்டி, ஒவ்வொன்றிலும் சத்தம் தேய்ந்து, கடைசியில் என் போர்டுக்கு வரும். நான் முதலாளி வீட்டுக்கு மணியடிப்பேன். அவர்கள் ஆள் அனுப்பி அக்காவைக் கூட்டி வருவார்கள். அந்த முன்னறையில் பத்துப்பேர் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா "சுகம்தான், சுகம்தான்" என்று நாலு தரம் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

ஒருநாள் மத்தியானம் கால் வந்தது. கனெக்சன் கொடுத்து விட்டுவிட்டேன். வெகுநேரமாகியும் ஷட்டர் விழவில்லை. ஸ்பீக்கிங் கீயைத் தள்ளினேன். அதுவரை நான் செய்தது என் வேலை. அன்று அந்த முன்னறையில் யாரும் இல்லை போலிருக்கிறது. அக்கா அழுதுகொண்டு, வயிற்றில் இருந்தது மூன்றாம் மாதத்தில் போய்விட்டதையும், மாமியாருக்கும் அம்மாவுக்கும் அவள் கர்ப்பமானதே தெரியாது என்பதையும், தெரியவேண்டாம் என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்த அந்த நொடியில் கீயை விட்டிருக்கவேண்டும். விடவில்லை. கடைசிவரை கேட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நல்லதுக்கென்றுதான் நினைத்தேன். அம்மா அழுதுகொண்டு ஓடினாள், மாமியாருக்கும் தெரிந்தது, அதற்கப்புறம் அந்த வீட்டில் அக்கா பட்டது சின்னப் பாடில்லை. சேதியை வெளியே சொல்கிற ஊழியருக்கு 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்திலேயே மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனை இருந்தது. வேலையில் சேரும்போது அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டவன்தான் நான். என்மேல் யாரும் புகார் சொல்லவில்லை. அக்கா எப்படித் தெரிந்தது என்று ஒருவார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து மகள் பிறந்தாள், எல்லாம் சுகமாயிற்று. கேட்காததால் அவளுக்குத் தெரியாது என்று நாற்பது வருஷம் நான் என்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் போன்மேல் துவர்த்து கிடந்த அத்தனை நாளும் அந்த நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாக இற்றுப்போனது.

2022-ல் எங்கள் செம்புக் கம்பி லேண்ட்லைனை எடுத்துவிட்டு பைபர் தந்தார்கள். மோடத்தின் பின்னால் போனுக்கு ஒரு ஓட்டை. அக்காவின் மகள் ஷார்ஜாவிலிருந்து அவளுடைய செல்போனுக்குத்தான் கூப்பிடுவாள். அக்காவுக்குக் காது மந்தமாகி, தொடுதிரையில் விரலும் வழுக்கத் தொடங்கியது. எடுக்கப் போய் வெட்டிவிடுவாள். "மாமா, அம்மைக்கு போன் கேக்கவே இல்ல. ஏதாவது செய்யுங்க" என்று பிள்ளை என்னிடம் சொல்லி அழுதாள். மேக்னெட்டோ செட்டில் சத்தம் பலமாக இருக்கும், பிடிக்கக் கனமான ரிசீவர். எல்லாம் தயாராக இருக்கிறது. நடுவில் நிற்பது நான்தான்.

அன்று ராத்திரி போர்டின் பின்பக்கத்தைத் திறந்தேன். முதலாம் கார்டு ஜோடியின் ஸ்பீக்கிங் கீயில், ஆபரேட்டர் செட்டுக்குப் போகிற இரண்டு கம்பிகளை வெட்டினேன். அடியோடு வெட்டி ஸ்ப்ரிங்கையும் கழற்றினேன். ரிங்கிங் கீ இருக்கும், ரிங் ஆஃப் ஷட்டர் இருக்கும். ஆனால் அந்தக் கார்டில் யார் பேசினாலும் போர்டிலிருந்து கேட்க வழியே கிடையாது. கார்டுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். வெளி லைனை எட்டாம் நம்பருக்குக் கொண்டுவந்து, அதைப் பிடித்து வைக்க ஒரு காயிலும் சுவிட்சும் போட்டேன். அந்தச் சுவிட்சைப் போட்டால் என் மேசைப் போன் செத்துவிடும். பிள்ளை கூப்பிட்டால் எடுத்து, "இரி மக்களே, அம்மைக்குத் தாறேன்" என்று சொல்லி, சுவிட்சைப் போட்டு, சிவப்புக் கார்டைக் குத்தி, மணியடித்தால் என் ஜோலி தீர்ந்தது.

சோதனையில் ஒரு மோடம் போயிற்று. ரிங் ஆஃப் சுற்றுகிற எண்பது வோல்ட் நேரே அதற்குள் ஏறிவிட்டது. என் புத்தியைத்தான் சொல்லவேண்டும். நடுவில் ஒரு 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மரும் ஜீனர் டயோடுகளும் வைத்தபின் தொல்லையில்லை. கரண்ட் போனாலும் மோடம் ஓட ஒரு சின்ன பேட்டரி வைத்திருக்கிறேன். உள் லைன்களுக்கு அதுவும் வேண்டாம்.

மறுநாள் காலையில் வெட்டின இரண்டு கம்பித் துண்டுகளையும் பித்தளை ஸ்ப்ரிங்கையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு கீழே போனேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முறத்தின் ஓரத்தில் வைத்தேன்.

"இது என்னதுலே?"

"கேக்கதுக்குள்ள கம்பி. வெட்டியாச்சு. இனி நான் நெனச்சாலும் கேக்க ஒக்காது."

ஸ்ப்ரிங்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணை அதிலிருந்து எடுக்காமலே சொன்னாள்:

"இத அன்னைக்கே வெட்டியிருக்கணும்லே."

எனக்கு நிற்க முடியவில்லை, திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன், எவ்வளவு சொன்னேன் என்று இப்போது எனக்கே நிச்சயமில்லை. அவள் கீரையை ஆய்ந்து முடித்தாள். பிறகு எழுந்து போய்ப் போன்மேல் கிடந்த துவர்த்தை எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டு, "கட்டஞ்சாயா இடட்டா?" என்று கேட்டாள்.

இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளை கூப்பிடுவாள். நான் சிவப்புக் கார்டைக் குத்திவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொள்வேன். அம்மாவும் மகளும் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருமணி நேரம்கூடப் பேசுகிறார்கள்.

ஒரே ஒரு தொந்தரவு. அக்கா ரிங் ஆஃப் சுற்ற மறந்துவிடுகிறாள். ஷட்டர் விழாது, கேட்டுப் பார்க்கக் கீ கிடையாது, நான் குடையை எடுத்துக்கொண்டு இருநூறு மீட்டர் நடந்து போய், பேசி முடித்தாளா என்று பார்க்கவேண்டும். அநேகமாக முடித்திருப்பாள். நான் போகும்போது இரண்டு கிளாஸில் சாயாவும், ஒரு தட்டில் அவித்த மரச்சீனியும் இருக்கும். எழுபத்தேழு வயதில் மறதி வருவது சகஜம்தான். ஆனால் சாயா எப்போதும் சூடாகத்தான் இருக்கிறது.